16 ரெஜிஸ்டர்களை 32 ஆக்குவதால் வேகம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி

இன்டெல் 2023 ஜூலையில் அறிவித்த ஏபிஎக்ஸ் விரிவாக்கம், இன்டெல், ஏஎம்டி பிராசசர்களின் எக்ஸ்86 கட்டளைத் தொகுதியில் உள்ள பொதுப் பயன்பாட்டு ரெஜிஸ்டர்களை (மதிப்புகளை வைத்துக் கணக்கிடும், பிராசசருக்குள்ளேயே இருக்கும் இடங்களை) 16-லிருந்து 32 ஆக உயர்த்துகிறது. ஆனால் ஒரே ரெஜிஸ்டர் பெயருக்கு உள்ளே வெவ்வேறு இடங்களை ஒதுக்கும் ரீநேமிங் முறையால் இன்றைய பிராசசர்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ரெஜிஸ்டர்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே? ஏவிஎக்ஸ் என்ற முந்தைய விரிவாக்கம் ஒரே கட்டளையில் பல எண்களைக் கையாள்வதால் அதன் பலன் எனக்குப் புரிகிறது. வெறும் பெயர்களைக் கூட்டுவதால் சாதாரண நிரல்களுக்கு என்ன ஆதாயம்?

பதில் 1

ஒரே பெயரை வேறொரு மதிப்புக்கு மறுபடி பயன்படுத்தும்போது எழும் போலிச் சார்பை, அதாவது தொடர்பில்லாத கட்டளைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதைத்தான் ரீநேமிங் நீக்குகிறது; உள்ளே இருக்கும் அந்த இடங்கள் எவையும், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலருக்குத் தெரியாது. தரவுக்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணை உருவாக்கும் ஷா-256 கணக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிலைச் சொற்கள் 8, செய்திச் சொற்கள் 16, ஆக 24 மதிப்புகள் ஒரே நேரத்தில் கையில் இருக்க வேண்டும். ஸ்டாக் பாயின்டர் போக மிஞ்சும் 15 ரெஜிஸ்டர்களில் அடங்காதவற்றைக் கம்பைலர் ஸ்டாக்கில் (நினைவகத்தில் உள்ள தற்காலிக இடத்தில்) எழுதி, வேண்டும்போது திரும்பப் படிக்கிறது. அந்த எழுத்தும் படிப்பும் நிரலின் கட்டளைகளாகவே வந்துவிடுவதால், பிராசசர் அவற்றைச் செய்தே ஆக வேண்டும். ஸ்பெக் சிபியு 2017 என்ற வேகச் சோதனைத் தொகுப்பின் முழுஎண் நிரல்களில் லோட்கள் (நினைவகத்திலிருந்து படிப்பவை) 10 விழுக்காடும் ஸ்டோர்கள் (நினைவகத்தில் எழுதுபவை) 20 விழுக்காட்டுக்கு மேலும் குறைந்ததாக இன்டெல் கூறியது. அது சிமுலேட்டரில் எண்ணிய கட்டளைக் கணக்கு. ஓடிய நேரம் அன்று.

பதில் 2

ரெஜிஸ்டர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். இரண்டு எண்களைக் கூட்டும்போது விடை அவற்றுள் ஒன்றை அழித்துவிடுவது எக்ஸ்86-இன் பழைய வழக்கம். அதைக் காப்பாற்ற முன்கூட்டியே ஒரு நகல் கட்டளை தேவைப்பட்டது. ஏபிஎக்ஸில் விடைக்குத் தனி இடம் குறிப்பிடலாம். ஆனால் என் பார்வையில் அதைவிடப் பெரியது நிபந்தனை ஒப்பீடு: இரண்டு நிபந்தனைகளை 'மற்றும்' கொண்டு இணைத்தால் இதுவரை பெரும்பாலும் இரண்டு தாவல்கள் (நிரலின் வேறு இடத்துக்குப் போகும் கட்டளைகள்) வந்தன, இனி ஒன்று போதும். தாவல் எங்கே போகும் என்பதைப் பிராசசர் முன்கூட்டியே தவறாக ஊகிப்பதால் வீணாகும் சுழற்சிகளோடு ஒப்பிட்டால் ஒரு நகல் கட்டளை அற்பமானது. கைபேசிகளில் பரவலாக உள்ள ஆர்ம் 64-பிட் கட்டளைத் தொகுதியில் இந்த வசதி தொடக்கத்திலிருந்தே உண்டு.

பதில் 3

விலையையும் சொல்ல வேண்டும். புதிய ரெஜிஸ்டர்களைக் குறிக்க இரண்டு பைட் முன்னொட்டு தேவை என்பதால் கட்டளைகள் நீள்கின்றன. எண்ணிக்கை குறைவதால் மொத்த அளவு ஏறக்குறைய சமமாகிவிடும் என்பது இன்டெலின் வாதம். பழைய நிரல்களை மறுபடி கம்பைல் செய்யாமல் எந்தப் பலனும் இல்லை. மேலும், ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று அழைக்கும்போது லினக்ஸில் பின்பற்றும் அழைப்பு மரபில், கூடுதலான 16 ரெஜிஸ்டர்களையும் அழைக்கப்படும் ஃபங்ஷன் தன் விருப்பம்போல் அழிக்கலாம். ஆகவே சிறு சிறு ஃபங்ஷன்களை ஓயாமல் அழைக்கும் நிரலில், அழைப்பைத் தாண்டி வாழ வேண்டிய மதிப்புகளுக்கு அவை உதவமாட்டா.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஏபிஎக்ஸ் உள்ள பிராசசர் என்னிடம் இல்லாததால், ஷா-256 நிரலை ஜிசிசி 14 கம்பைலரில் ஏபிஎக்ஸ் விருப்பத்துடன் கம்பைல் செய்து, வெளிவந்த கட்டளைப் பட்டியலான அசெம்பிளியை மட்டும் பார்த்தேன். முதலில் ஸ்டாக் எழுத்துகள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. மூன்றாம் பதிலைப் படித்த பிறகுதான், சோதனைக்காக லூப்பின் நடுவே நானே வைத்துவிட்டு மறந்துபோன ஓர் அச்சிடும் ஃபங்ஷன் அழைப்பு கண்ணில் பட்டது. அதை நீக்கியதும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.