பொழுது சாயும் முன் கூலி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

முதுநகர் மேஸ்திரி:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். இந்தக் காலத்தில் விசுவாசத்தோடு எப்படி வாழ்வது என்று நம்மவர்கள் கூடிப் பேசினால் கைபேசி, சினிமா, பிள்ளைகளின் சிநேகிதம் என்றே பேச்சு போகிறது. கூலியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

நான் கடலூர் முதுநகரில் வீடு கட்டித் தரும் வேலை செய்கிறேன். லுத்தரன் சபையில் வளர்ந்தவன். வேதாகமத்தில் உபாகமம் 24ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் என் தொழிலுக்கென்றே எழுதி வைத்தது போல் இருக்கும். ஏழைக் கூலியாளுக்கு அவன் வேலை செய்த நாளிலேயே, பொழுது போகும் முன்னே கொடுத்துவிடு, அவன் அதை எதிர்பார்த்துக் கொண்டிருக்கிறான் என்கிறது. உன் சகோதரனானாலும் உன் ஊரில் வந்து தங்கிய அந்நியனானாலும் இதே சட்டம்தான். பீகாரிலிருந்து வந்து நம் ஊரில் சாரத்தில் நிற்கிற பையன் அந்த வசனத்துக்குள் வந்துவிடுகிறான்.

என்னோடு வேலை செய்யும் சித்தாள்களுக்குச் சாயங்காலப் பணம் என்றால் அன்று இரவு அரிசி, மறுநாள் குழுக் கடன் தவணை. ஒரு நாள் தள்ளினால் தவணைக்காக இன்னொருவரிடம் வட்டிக்கு வாங்குகிறார்கள். நாம் நாளைக்குத் தருகிறோம் என்று சாதாரணமாகச் சொல்வதற்கு அவர்கள் வட்டி கட்டுகிறார்கள்.

ஒரு வீட்டில் தளம் போட்டோம். தளம் போடும் நாளில் ஆள் கூட்டம் உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் ஒரு சபையில் மூப்பர். பேசிய பணம் அன்று வரவில்லை. மனைவியின் வளையலை அடகு வைத்து எல்லோருக்கும் இருட்டுவதற்குள் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் போய்க் கேட்டபோது, “ஜெபியுங்கள் மேஸ்திரி, கர்த்தர் ஒரு வாசலைத் திறப்பார்” என்றார். “ஐயா, அந்த வாசல் உங்கள் பீரோவில் இருக்கிறது, சாவியும் உங்களிடம்தான் இருக்கிறது” என்றேன். கோபப்பட்டுச் சொல்லவில்லை, மனம் வலித்துச் சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. பிறகு பாதிப் பணம் வந்தது. மீதிக்கு இன்னும் நடந்து கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இப்போது கைபேசியிலேயே பணம் அனுப்பிவிடலாம், நமக்குச் சுலபம். ஆனால் கணக்கில் விழுந்த உடனே கடன் தவணைக்குப் பிடித்துக் கொள்கிறார்கள் என்று ஒரு அக்கா சொன்னார். இன்னொருவருக்குக் கைபேசியே கணவர் பையில் இருக்கிறது. அனுப்பும் பணம் மதுக்கடைக்குப் போகிறது. அதனால் ஒவ்வொருவரிடமும், “உங்களுக்கு எப்படி வேண்டும், கையிலா, கணக்கிலா?” என்று கேட்டே கொடுக்கிறேன். பாடுபட்டவர் கைக்கே அது போய்ச் சேர வேண்டும் என்பதும் அந்த வசனத்தில் அடங்கியதாகவே நான் எடுத்துக் கொள்கிறேன்.

உங்கள் வீட்டில், கடையில், அலுவலகத்தில் இது எப்படி நடக்கிறது?

புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை:

மேஸ்திரி தம்பி, நல்ல பேச்சைத் தொடங்கியிருக்கிறீர்கள். நான் கத்தோலிக்கப் பெண். கூலியை மறுப்பதை, விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்றாக எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி வைத்திருக்கிறது. கொலையும் அதே வரிசையில்தான் இருக்கிறது. வயலை அறுத்தவர்களின் பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியதுதான் இதற்கு வேர். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் அதே வசனம் வருகிறது. 2025இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அந்தப் பெயரையே எடுத்துக் கொண்டு, செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்தக் காலத்தில் உழைப்பின் மாண்பைக் காக்க வேண்டும் என்பதைக் காரணமாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. என் தாத்தா இங்கே பஞ்சாலைத் தொழிலாளி. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக்காரர்களின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்ததைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

என் அனுபவம் கூலியை விட ஓய்வைப் பற்றியது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை. நான் இருதய ஆண்டவர் பசிலிக்காவில் திருப்பலியில் அமர்ந்திருக்கும் நேரத்தில் இன்னொரு பெண் என் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக் கொண்டிருந்தால், ஓய்வு நாளை நான் எப்படிக் கடைப்பிடித்ததாகும்? நீங்கள் உபாகமம் என்று சொல்லும் இணைச்சட்டம் 5ஆம் அதிகாரத்தில், உன்னிடம் வேலை செய்பவர்களும் உன்னைப் போலவே ஓய்வெடுக்க வேண்டும் என்று கடவுள் சொல்கிறார். அந்த அம்மா இந்து. ஞாயிறு காலையில் பஸ் ஏறித் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் தாயாரைப் பார்க்கப் போகிறார், பாடலீசுவரர் கோயிலுக்கும் போய்விட்டு வருகிறார். அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதற்கு எதிர்ப்பு வந்தது. “டீச்சர், நீங்கள் விட்டால் எங்கள் வீட்டிலும் கேட்பார்கள்” என்று இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இருவருமே ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருபவர்கள். “கேட்கட்டும், கொடுங்கள்” என்றேன். பண்டிகைக்குச் சேலை எடுத்துக் கொடுக்கிறோமே என்றார்கள். சேலை நம் பிரியம். ஓய்வு அவர்களுக்குரியது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஒரு வீட்டில் விடுமுறை கொடுத்துவிட்டார்கள். மற்ற வீட்டில் என்னோடு பேச்சைக் குறைத்துக் கொண்டார்கள்.

அரியாங்குப்பம், உணவு விநியோக வேலை:

டீச்சர் அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் பெந்தெகொஸ்தே சபைப் பிள்ளை. வண்டியில் சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கிறேன். எங்களுக்கு வாரத்திலேயே அதிகம் கிடைப்பது ஞாயிறு மதியம்தான். இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று காலையிலேயே திரையில் வந்துவிடும். அம்மாவின் மருந்துச் செலவு அதில்தான் ஓடுகிறது. ஞாயிறு வண்டி ஓட்டுகிற கிறிஸ்தவப் பையன்களைப் பார்த்து, விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டான் என்று சொல்லாதீர்கள்.

பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போதே பிரியாணி ஆர்டர் செய்கிறீர்கள். எங்கள் சபை வாசலிலேயே நான் பார்சல் கொடுத்திருக்கிறேன். வாங்கிய மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஏன் இப்போதெல்லாம் சபைக்கு வருவதில்லை?” என்றார். பதில் அவர் கையிலேயே சூடாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை, வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என்னைப் போல் ஷிப்டில் இருப்பவர்கள், செவிலியர் வேலை பார்க்கும் அக்காக்கள், மீன் ஏலத்துக்குப் போகிறவர்கள் எல்லோருக்குமாக ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓர் ஆராதனை ஆரம்பித்தார். மேளம் இல்லை, மைக் இல்லை. ஏழரைக்கு முடிந்துவிடும். நான் இப்போது தவறாமல் போகிறேன்.

பண்ருட்டி, முந்திரி உடைப்பு வேலை நடத்துபவர்:

மேஸ்திரி அண்ணன் மேல் மரியாதை வைத்தே எழுதுகிறேன். எல்லாத் தாமதமும் பாவம் என்று ஒரே கோடாகப் போட்டுவிட வேண்டாம். என்னிடம் பெண்கள் முந்திரிக் கொட்டை உடைக்கிறார்கள். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் பட்டால் கை பொத்துப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பருப்பை வாங்கிப் போகும் வியாபாரி எனக்கு மாதம் கடந்துதான் பணம் தருகிறார். நான் என் பங்குக்கு எங்கே போவேன்? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. மரங்கள் திரும்பக் காய்க்கும் வரை இந்தத் தொழிலை விடாமல் பிடித்திருந்ததே பெரிய காரியம். மனசாட்சி இருந்தும் கையில் பணம் இல்லாதவனுக்கு வேதம் என்ன சொல்கிறது?

முதுநகர் மேஸ்திரி:

பண்ருட்டித் தம்பி, நியாயமான கேள்வி. அன்றைய கூலியும் வியாபாரியின் பாக்கியும் கலந்துவிடாமல் பார்த்துக் கொள்ளுங்கள் என்பதே எனக்குத் தெரிந்த வழி. தளம் போட்ட அந்த வீட்டுக்குப் பிறகு, ஒரு வாரக் கூலியை முன்பணமாக வாங்காமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை. அந்தப் பணத்தில் சிமெண்டும் வாங்க மாட்டேன், கம்பியும் வாங்க மாட்டேன். அதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. போகட்டும். உங்கள் வியாபாரியிடம் மூட்டைக்கு இவ்வளவு என்று உடைப்புக் கூலியை மட்டும் முன்னால் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால் வேறு ஆளைத் தேடுவார். ஊரில் இருக்கிற நான்கு பேராகச் சேர்ந்து கேளுங்கள். முடியாத வாரத்தில் கணக்கை அந்தப் பெண்களிடம் திறந்து காட்டுங்கள். வீட்டில் அரிசி இல்லாதவருக்கு முதலில் கொடுங்கள்.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கதையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கரண்டியும் தூக்குச்சட்டியுமாக வேலைக்கு ஆள் கூப்பிட வருவார்களா என்று நிற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஏன் நாள் முழுவதும் சும்மா நிற்கிறீர்கள் என்று திராட்சைத் தோட்டத்துக்காரர் கேட்டபோது, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். வேலை செய்ய மனமில்லாமல் நின்றவர்கள் அல்ல. கடைசி ஒரு மணி நேரம் வேலை செய்தவருக்கும் முழுக் கூலி கிடைத்தது, ஏனென்றால் வீட்டில் பசி முழு நாளுக்கு உரியது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வேலை பாதி நாளோடு நின்றுவிடும். அந்த நாள்களில் அரைக் கூலி என்பதே வழக்கம். இப்போது மதிப்பீடு எழுதும்போது மழைநாள் கூலி என்று ஒரு வரி தனியாகச் சேர்க்கிறேன். இது எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். உட்கார்ந்து விளக்குகிறேன். ஒப்புக் கொள்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வரியை அடித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். சென்ற மழையில் ஒப்புக் கொண்டவர் ஒரு முஸ்லிம் பாய். வியர்வை உலரும் முன் கூலியைக் கொடு என்று எங்கள் நபியும் சொல்லியிருக்கிறார், எழுதிக் கொள்ளுங்கள் என்றார்.

பண்ருட்டி, முந்திரி உடைப்பு வேலை நடத்துபவர்:

அண்ணா, எங்கள் தெருவில் உடைப்பு வேலை நடத்தும் மற்றவர்களிடம் இன்றே பேசுகிறேன். கூலிப் பணத்துக்கெனத் தனியாக ஒரு கணக்கும் தொடங்கப் போகிறேன். வியாபாரி என்ன சொன்னார் என்பதை இங்கேயே எழுதுகிறேன். டீச்சர் அம்மா, எங்களிடம் வரும் பெண்களுக்கு ஞாயிறு விடுமுறை உண்டு; ஆனால் உடைத்தால்தான் கூலி என்பதால் அவர்களே வருகிறார்கள். அதை எப்படிச் சரிசெய்வது என்று யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.