லடாக் சீபக்தார்ன் நம்ம வேலூர் வெயில்ல தாங்குமா?

கம்மவான்பேட்டைல இருந்து கேக்கறேன். அண்ணன் மிலிட்டரி, லடாக்ல இருந்து லீவுக்கு வரும்போது சீபக்தார்ன்னு ஆரஞ்சு பழம் காய்க்கற முள்ளுச்செடி ரெண்டு கொண்டாந்தாரு, இலைக்கு அடில வெள்ளி பூசுன மாதிரி மின்னும், இப்போ நுனியெல்லாம் கருகிக்கினே வருது, தினமும் தண்ணி ஊத்திக்கினு தான் இருக்கேன், எப்படியாவது காப்பாத்தணும்.

பதில் 1: தண்ணிய குறைங்க ப்ரோ. மணலும் கல்லுமா இருக்கற ஆத்தங்கரைல வளர்ற செடி, வேர்ல தண்ணி நின்னா அழுகிடும். மைனஸ் 40 குளிர தாங்கும், நம்ம ஊர் மே மாசம் தான் அதுக்கு எமன்.

பதில் 2: இதுல ஆண் செடி பெண் செடி தனித்தனிங்க, காத்துல மகரந்தம் வந்தாதான் அந்த ஆரஞ்சு பழம் புடிக்கும். வெயில் கம்மியான ஏலகிரி மலைல சொந்தக்காரங்க இருந்தா அங்க குடுத்துடுங்க.

கேட்டவர்: சித்தி வீடு அங்க தான், ஞாயித்துக்கிழமை கொண்டு போறேன்ணா.