பிட்எக்ஸ் கிட்: 40 மீட்டரில் நிலையங்கள் மிகவும் மெலிவாகக் கேட்கின்றன

பாலக்கோடு:
அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாக மாலை வேளைகளில் உட்கார்ந்து 40 மீட்டர் அலைவரிசைக்கான பிட்எக்ஸ் கிட் (அமெச்சூர் ரேடியோவில் கேட்கவும் பேசவும் உதவும் செட்) ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறேன். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான், நம் நாட்டுக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்டும்படி வடிவமைத்த சர்க்யூட்டை ஒட்டிய பலகை இது. நிலையங்கள் கேட்கின்றன. ஆனால் காலை எட்டரை மணிக்குப் பெங்களூரு நண்பர்கள் பேசுவதைக்கூட, வால்யூமை முழுவதும் திருகி, ஸ்பீக்கரோடு காதை ஒட்டி வைத்தால்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆன்டெனா, இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 8 மீட்டர் உயரத்தில், பக்கத்துக்கு 10 மீட்டர் கம்பியாகக் கட்டிய டைபோல். சென்ற ஞாயிறன்று நண்பர் ஒருவர் தாம் விலைக்கு வாங்கிய செட்டைக் கொண்டுவந்து அதே கேபிளில் செருகியபோது, அதே நிலையங்கள் அறை முழுவதும் கேட்டன. ஆகவே குறை என் பலகையில்தான் இருக்கிறது. முன்பக்கம் ஒரு ப்ரீஆம்ப் (ஆன்டெனா சிக்னலை முதலிலேயே பெருக்கும் சர்க்யூட்) சேர்த்தால் சரியாகிவிடுமா?

காவேரிப்பட்டணம்:
ஐயா, ப்ரீஆம்ப் சேர்க்க வேண்டாம். 40 மீட்டரில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸில், வானத்திலிருந்தும் ஊரிலிருந்தும் வரும் இரைச்சலே மிகுதி என்பதால், ஒழுங்காகக் கட்டிய சாதாரண ரிசீவருக்கே அங்கே போதுமான உணர்திறன் இருக்கும். உங்கள் பலகையில் சிக்னல் எங்கோ தொலைந்துபோகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் முன்னால் பெருக்கத்தைக் கூட்டினால், பழுது மறைந்து நிற்குமே தவிர நீங்காது.

முதலில், ஆன்டெனா பிளக்கைக் கழற்றிவிட்டு மீண்டும் செருகுங்கள். செருகும் கணத்தில் இரைச்சல் தெளிவாக உயர வேண்டும். அடுத்து, வால்யூம் கன்ட்ரோலின் நடு முனையைச் சிறு ஸ்குரூடிரைவரின் இரும்பில் விரல் படும்படி பிடித்துத் தொடுங்கள். "ங்" என்ற உறுமல் பலமாகக் கேட்டால் ஆடியோ பகுதி நலமாக இருக்கிறது என்று பொருள். மூன்றாவதாக, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் ரெசிஸ்டரில்) உங்கள் டிரான்ஸ்மிட் பவர் எவ்வளவு வருகிறது என்பதையும் எழுதுங்கள். இந்தக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

பாலக்கோடு:
மூன்றையும் செய்து பார்த்தேன், ஐயா. ஆன்டெனாவைச் செருகினால் இரைச்சல் மிக இலேசாகத்தான் உயர்கிறது. ஸ்குரூடிரைவர் உறுமல் நன்றாகவே கேட்கிறது. டிரான்ஸ்மிட்டில் கையேடு 6 வாட் என்கிறது. எனக்கு 1 வாட் கூட வரவில்லை. அதைத் தனிக் குறை என்று எண்ணிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

தருமபுரி:
அது தனிக் குறையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பிட்எக்ஸின் சிறப்பே, சிக்னல் இரு திசையிலும் ஒரே பாதையில் செல்வதுதான்: வேண்டிய அலைவரிசையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர், அதிர்வெண்ணை மாற்றும் மிக்சர், ஒரு நிலையத்தை மட்டும் பிரித்தெடுக்கும் கிரிஸ்டல் ஃபில்டர் ஆகிய மூன்றும் கேட்பதற்கும் பேசுவதற்கும் பொதுவானவை. இரண்டும் ஒருசேர மெலிந்திருந்தால், ரிசீவருக்கு மட்டுமே உரிய பகுதிகளைத் தோண்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

பேண்ட்பாஸ் ஃபில்டரிலிருந்து தொடங்குங்கள். நிலையான ஒரு சிக்னலைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு டிரிம்மரையும் (திருகி அளவை மாற்றும் சிறு கெப்பாசிட்டர்) ஒரு முழுச் சுற்றுக்கு மெதுவாகத் திருப்புங்கள். டிரிம்மர் அரைச் சுற்றில் சிறும அளவிலிருந்து பெரும அளவுக்குப் போய், மறு அரைச் சுற்றில் திரும்பிவிடும். எனவே ஒலி இரண்டு இடங்களில் உச்சம் தொட வேண்டும். ஒரே இடத்தில்தான் உச்சம் வருகிறது என்றால், டிரிம்மர் தன் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, காயிலின் அளவு பிசகியிருக்கிறது என்று அறியலாம். டொராய்டில் (காயில் சுற்றும் வளையம்) கம்பி வளையத்தின் துளை வழியே எத்தனை முறை நுழைகிறதோ அதுதான் சுற்றுக் கணக்கு. வளையத்தின் உட்புறத்தில் எண்ணுங்கள்.

ஓசூர்:
தருமபுரி நண்பர் கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிட் கட்டுகிறவர்களிடம் நான் மிகுதியாகக் கண்ட பழுது, மேலே பூசிய எனாமல் காப்புப் பூச்சு முழுமையாகச் சுரண்டப்படாத கம்பிதான். ஈயம் கம்பியைச் சுற்றிப் பளபளவென்று உருண்டு நிற்கும், ஆனால் உள்ளே தொடர்பு இருக்காது. மல்டிமீட்டரின் முனையை ஈயத்தின்மேல் வைக்காமல் செப்புத் தடத்தின்மேல் வைத்து, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் ஒவ்வொரு சுருளையும் சோதியுங்கள். மிக்சருக்குச் செல்லும் ஆஸிலேட்டர் (அதிர்வெண்ணை உண்டாக்கும் சர்க்யூட்) சிக்னலின் அளவையும் டையோடு புரோப் (அந்தச் சிக்னலை மல்டிமீட்டரில் அளக்க உதவும் முனை) வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. அது குறைந்தாலும் இதே இரட்டை மெலிவு தோன்றும்.

பாலக்கோடு:
பழுது கிடைத்துவிட்டது. இரண்டு டிரிம்மர்களில் உச்சம் இரண்டு முறை வந்தது. மூன்றாவதில் ஒரு முறை மட்டும், அதுவும் தகடுகள் முழுவதும் விலகி நிற்கும் சிறும நிலையில். காயிலைக் கழற்றி, லென்ஸ் வைத்து வளையத்தின் உட்புறத்தில் ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினேன். சிவப்பு நிற டி50-2 வளையத்தில் 27 சுற்று இருக்க வேண்டிய இடத்தில் 30 இருந்தது. அன்றிரவு பாதியில் மின்சாரம் நின்றதும், டார்ச் வெளிச்சத்தில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தருமபுரி:
மூன்று சுற்றுதானே என்று தோன்றும். ஆனால் காயிலின் இண்டக்டன்ஸ் சுற்றுகளின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 27 சுற்றுக்கு ஏறத்தாழ 3.6 மைக்ரோஹென்றி, 30 சுற்றுக்கு 4.4. முன்னதற்கு 7.1 மெகாஹெர்ட்ஸில் சுமார் 140 பிக்கோஃபாரட் வேண்டும், பின்னதற்கு 114 போதும். டிரிம்மரோடு இணையாக இருக்கும் உங்கள் நிலையான கெப்பாசிட்டரே 120 என்பதால், டிரிம்மரை எவ்வளவு குறைத்தாலும் அது இசையாது.

பாலக்கோடு:
ஆம் ஐயா, பலகையில் இருப்பது 120தான். மூன்று சுற்றுகளைப் பிரித்து, நுனியை பிளேடால் செம்பு தெரியும்வரை சுரண்டி, ஈயம் பூசிய பிறகே பொருத்தினேன். ஓசூர் நண்பர் கூறியபடி மற்றச் சுருள்களையும் சோதித்தேன். மிக்சர் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு கால் ஈயத்துக்குள் அசைந்துகொண்டிருந்தது, அதையும் திருத்திவிட்டேன். இன்று காலை வால்யூம் பாதிக்கும் கீழேயே பெங்களூருவும் சென்னையும் தெளிவாகக் கேட்டன. டம்மி லோடில் 5 வாட்டுக்குச் சற்று மேல் காட்டுகிறது. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.

இதுவரை கேட்காத ஒன்று இப்போது கேட்கிறது: நொடிக்கு ஒரு முறை "டிக், டிக்" என்ற ஒலி. காட்டுப்பன்றிகளுக்காகப் பக்கத்துத் தோட்டத்தில் போட்டிருக்கும் சோலார் மின்வேலியை மாலையில் இயக்கியதும் அது தொடங்குகிறது, காலையில் நிறுத்தியதும் நின்றுவிடுகிறது. அந்த அண்ணனிடம் பேசி, வேலிக் கம்பியில் செடிகொடி உரசிப் பொறி பறக்கும் இடங்களை இருவரும் சேர்ந்து இந்த வாரம் நடந்து பார்ப்பதாக இருக்கிறோம்.