வீட்டில் ஸ்டேக்ஹவுஸ் விருந்து: எல்லாம் ஒரே நேரத்தில் சூடாக மேசைக்கு வர என்ன வழி?

தீராப்பசி:
அடுத்த வாரம் அப்பா அம்மாவுக்குத் திருமண நாள். பழைய நியூயார்க் ஸ்டேக்ஹவுஸ் (ஸ்டேக் என்கிற கனமான மாட்டுக்கறித் துண்டைச் சுட்டுத் தரும் உணவகம்) மாதிரி ஒரு விருந்தை வீட்டிலேயே செய்ய ஆசை. இறால் காக்டெயில், வெட்ஜ் சாலட், ஸ்டேக், கிரீம் போட்ட பசலைக்கீரை, சுட்ட உருளை, அவ்வளவுதான். போன மாதம் ஒத்திகை பார்த்தேன், சரியாக வரவில்லை. கறி வெளியே சிவக்காமல் சாம்பல் நிறத்தில் நின்றது, உள்ளே முழுக்க வெந்துவிட்டது, கீரை தண்ணீர் விட்டது, உருளை வேகும்போது ஸ்டேக் ஆறிப்போயிருந்தது. ஓவன் ஒன்றுதான் இருக்கிறது. நாலு பேருக்குச் சமைக்க வேண்டும். எங்கே தப்பு செய்கிறேன்?

இரும்புச்சட்டி:
சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஈரம். மேலே தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்க அதைவிட நல்ல சூடு வேண்டும். அதனால் முந்தின நாள் ராத்திரியே உப்பு தடவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் விட்டுவிடுங்கள். காலையில் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காகிதம் மாதிரி உலர்ந்திருக்கும், அதுதான் பதம்.

4 செ.மீ. கனத்துக்குக் குறையாத ரிப்ஐ (விலாப் பகுதிக் கறித் துண்டு) வாங்குங்கள். போர்ட்டர்ஹவுஸ் என்கிற எலும்போடு வரும் துண்டு அழகுதான், ஆனால் எலும்புக்கு ஒரு பக்கம் ஸ்ட்ரிப், மறுபக்கம் டெண்டர்லாயின் என்று இரண்டு வகைக் கறி. டெண்டர்லாயின் சீக்கிரம் வெந்துவிடும், முதல் தடவை அந்த வம்பு வேண்டாம். ஓவனை 120 டிகிரி செல்சியஸில் வைத்து, கறியின் நடுவில் 48 டிகிரி வரும்வரை விடுங்கள். கடிகாரத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். அப்புறம் வார்ப்பிரும்புச் சட்டி புகையத் தொடங்கியதும் பக்கத்துக்கு ஒரு நிமிடம். வெண்ணெய், பூண்டு, தைம் எல்லாம் கடைசி அரை நிமிடத்தில்தான், முன்னாடியே போட்டால் வெண்ணெய் கருகிக் கசக்கும். நடுவில் 54, 55 வந்தால் மீடியம் ரேர், அதாவது உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் பதம். இந்த முறையில் கறியை ரொம்ப நேரம் ஆறவிடத் தேவையில்லை, அதனால் சட்டியிலிருந்து நேராக மேசைக்குக் கொண்டுபோகலாம்.

கீரைக்கட்டு:
அண்ணன் சொன்ன 120 டிகிரியில்தான் உங்கள் ஓவன் பிரச்சினைக்கும் விடை இருக்கிறது. உருளையை முதலில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டுவிடுங்கள். முள்கரண்டியால் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி அப்படியே கம்பிமேல் வையுங்கள், ஃபாயில் சுற்றினால் ஆவியில் அவிந்து தோல் தொளதொளவென்று போய்விடும். பிறகு ஓவன் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து சூட்டை 120க்கு இறக்கிவிட்டு, கறியை உள்ளே வையுங்கள். உருளை ஓரத்திலேயே இருக்கட்டும், சூடு ஆறாது.

கீரையை வதக்கி ஆறவைத்து, கையால் பிழியுங்கள். இனி சொட்டுகூட வராது என்று தோன்றிய பிறகும் இன்னொரு தடவை பிழியுங்கள். ஒரு பெரிய பாத்திரம் நிறைய இருந்த கீரை ஒரு கைப்பிடி உருண்டையாகிவிடும், பயப்படாதீர்கள். வெண்ணெய், மைதா, பால் சேர்த்துக் கெட்டியாகக் காய்ச்சிய வெள்ளை சாஸில் அதைக் கலந்து, ஜாதிக்காயைக் கொஞ்சமாகத் துருவிப் போடுங்கள். காலையிலேயே செய்து வைத்துவிட்டு ராத்திரி சுடவைத்தால் போதும். இறாலும் அப்படித்தான், அது ஜில்லென்று சாப்பிடுகிற பண்டம். வெட்ஜ் சாலடுக்கு ஐஸ்பெர்க் லெட்யூஸை (முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையான சாலட் கீரை) நாலாக வெட்டும்போது நடுத்தண்டை எடுக்காதீர்கள், இலைகளைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

பழையமேசை:
சமையலை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், பரிமாறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புரூக்ளினில் 1887-இலிருந்து நடக்கும் பீட்டர் லூகரில் போர்ட்டர்ஹவுஸை உள்ளேயே துண்டு போட்டு, எலும்போடு சேர்த்து அடுக்கி, கொதிக்கிற தட்டில் கொண்டுவருவார்கள். தட்டின் ஒரு ஓரத்துக்கு அடியில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து முட்டுக்கொடுப்பார்கள். வெண்ணெயும் கறிச்சாறும் தாழ்ந்த பக்கம் வழிந்து தேங்கும், அதைக் கரண்டியால் அள்ளித் துண்டுகள்மேல் ஊற்றித் தருவார்கள். ரிப்ஐயிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம். ஆளுக்கொரு தட்டில் தனித்தனியாக வைக்காமல் நடுவில் ஒரே பெரிய தட்டாக வைத்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நீங்களே எடுத்து வையுங்கள். சாப்பிடும் தட்டுகளையும் ஓவனில் கொஞ்ச நேரம் சூடாக்குங்கள், சாலட் தட்டை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தீராப்பசி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி விருந்து முடிந்தது. கறியை 47-இலேயே வெளியே எடுத்துவிட்டேன், வெட்டியபோது ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே இளஞ்சிவப்பு. கீரையை மூன்று தடவை பிழிந்தேன். அம்மா மீடியம் ரேர் சாப்பிடமாட்டார், அதனால் அவருடைய துண்டை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஓவனில் விட்டு எடுத்தேன், அதுவும் காயவில்லை. தட்டைச் சாய்த்து வைத்ததும் அப்பா பேச்சை நிறுத்திவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்தார், கடைசிவரை பரிமாறியது அவர்தான்.