செலரிக்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

பாளையங்கோட்டை மனையியல் ஆசிரியை எழுதியது:

குழும நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் மாணவிகள் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்காக ஓர் உணவுக் கையேடு எழுதுகிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். வாழைத்தண்டு, சுரைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. செலரியில், அதாவது தடித்த இலைக்காம்பைத் தின்னும் அந்த மேல்நாட்டுச் செடியில், வந்து நிற்கிறோம். நெல்லையில் செலரியை யார் தின்கிறார்கள் என்று கேட்காதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் செலரிச் சாறு குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பெரிய கடைகளில் ஊட்டிக் கட்டு கிடைக்கிறது, வாங்கிப் போய் மிக்ஸியில் அடிக்கிறார்கள். ஆகவே ஒரு பக்கமாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

செய்தி தயார். 100 கிராமில் 95 கிராம் தண்ணீர், சுமார் 15 கலோரி, ஒன்றரை கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 260 மில்லிகிராம் பொட்டாசியம், 80 மில்லிகிராம் சோடியம். பெயர்தான் தயாரில்லை. ஒருத்தி தண்டுக்கீரை என்று எழுதியிருக்கிறாள், ஒருத்தி இணையத்தில் பார்த்து சிவரிக்கீரை என்கிறாள், மூன்றாமவள் ஓமக்கீரை. ஒரே கையேட்டில் மூன்று பெயர் கூடாது. தயவுசெய்து ஒன்றைச் சொல்லுங்கள்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சர், சிவரி என்பது ஓசையைத் திரித்தது. வேரும் கிடையாது, பொருளும் கிடையாது. தாவரவியல் பெயரைப் பாருங்கள்: ஏபியம் கிராவியோலென்ஸ். பின்பாதிக்கு இலத்தீனில் கடுமையாக மணப்பது என்று பொருள். கடுமணக்கீரை என்று வையுங்கள், கேட்டவுடன் விளங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செலரி என்பது பிரெஞ்சு வழியாக இத்தாலிக்குப் போய், அங்கிருந்து கிரேக்கத்தின் செலினோனில் முடிகிறது. செலினோனில் நம் 'செழு' தெரியவில்லையா? செழு, செழுநீர், செழுநை... நீர்க்கரையில் செழித்து வளரும் செடி அது. அரிசியும் இஞ்சியும் கிரேக்கம் வரை போனதை ஒப்புக்கொள்பவர்கள் இதற்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? விரிவாக நாளை எழுதுகிறேன்.

தென்காசி சித்த மருத்துவர்:

ஐயா, விரிவாக எழுதும் முன் ஒரு வார்த்தை. மூன்றாயிரம் ஆண்டுக்கு முந்தைய கிரேக்கக் களிமண் பலகைகளிலேயே இந்தச் சொல் 'செரினோ' என்று இருக்கிறது. அந்த எழுத்தில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் ஒரே குறிதான். உங்கள் கணக்குப்படி செழு அதற்கும் முன்பே கொற்கையில் கப்பல் ஏறியிருக்க வேண்டும். செடியே அந்தப் பக்கத்துச் செடி, மத்தியதரைக் கடலோரச் சதுப்புநிலத்தில் தானாக வளர்வது. செடி அங்கே இருக்க, பெயர் மட்டும் இங்கிருந்து எதற்காகப் போனது?

என் கவலை வேறு. ஓமக்கீரை வேண்டவே வேண்டாம். ஓமம், செலரி, மல்லி, சீரகம், சோம்பு, சதகுப்பை எல்லாம் ஒரே குடும்பம்தான், மணமும் கொஞ்சம் ஒத்துப்போகும். ஆனால் நம் வீடுகளில் ஓமம் என்ற சொல்லோடு இலை சேர்ந்தால் ஓமவல்லிதான் நினைவுக்கு வரும், சளிக்குக் கொடுக்கும் கற்பூரவல்லி. அது துளசிக் குடும்பம். மருந்துக் கடையில் அசமதா ஓமம் கிடைக்கிறது. அது செலரிக்கு நெருங்கிய இனம், ஆனாலும் வேறு செடி. வடக்கே அஜ்மோத் என்ற ஒரே பெயரில் இரண்டின் விதையும் விற்பனையாகிறது. இவை போதாதென்று குரோசாணி ஓமம் வேறு. அது ஊமத்தைக்கு உறவு, நஞ்சு. கையேட்டைப் படித்துவிட்டு ஒரு பாட்டி மருந்துக் கடைக்குப் போய் 'ஓமத்துல ஒரு வகை இருக்காமே' என்று கேட்டால் என்ன பொட்டலம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டுக்கீரையும் கூடாது. அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். உழவர் சந்தையில் கேட்டால் சிவப்புத் தண்டோடு ஒரு கட்டை எடுத்து நீட்டுவார்கள். அதன் சத்துக் கணக்கே வேறு.

மேலப்பாளையம், நாட்டுமருந்துக் கடைக்காரர்:

எல்லோருக்கும் சலாம். டாக்டர் சொன்ன பொட்டலம் என் கடையில் வராது, அதற்கு நான் பொறுப்பு. யுனானியில் இந்த விதைக்கு துக்மே கரப்ஸ் என்று பெயர். ஹகீம் சீட்டில் அப்படித்தான் எழுதுவார், சிறுநீர் பிரிய, மூட்டு வலிக்கு. என் டப்பாவிலும் கரப்ஸ் என்றுதான் ஒட்டியிருக்கிறேன். பஞ்சாபில் விளைந்து வருவது. பல நூற்றாண்டாக மருந்துக்குள் புழங்கும் பெயர் இருக்கும்போது புதிதாக ஏன் கட்ட வேண்டும்? ஆய்த எழுத்துப் போட்டாலும் சரி, பகரம் போட்டாலும் சரி.

அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்:

பாய், கரப்ஸ் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் காய்கறிக் கடையில் கேட்டால் கரப்பான் மருந்தைக் காட்டுவார்கள்.

தமிழாசிரியர் ஐயாவிடம் ஒரு சந்தேகம். கடிமணம் என்றால் கல்யாணம். கடுமணக்கீரையை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், கல்யாணக் கீரையாகக் காதில் விழுகிறது. மறுவீட்டுக்குச் சொதி போதும், கீரையும் எதற்கு?

நிஜமான சிக்கலைச் சொல்கிறேன். ஐரோப்பாவில் உணவுப் பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் ஒன்று. பால், முட்டை, நிலக்கடலை, எள்ளோடு அதுவும் நிற்கிறது. பிர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். அந்தப் பட்டியலைத் தமிழாக்கும்போது நானும் இதே இடத்தில் மாட்டினேன். அந்த வரியைப் படிப்பவர் ரசிப்பதற்காகப் படிக்கவில்லை. தனக்கு ஆகாதது உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறார். அவர் செலரி என்றுதான் தேடுவார்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கடி வேறு, கடு வேறு. கடி என்ற உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் சொல்கிறார். அதற்குள் போனால் வெள்ளிக்கிழமை தாண்டிவிடும் என்பதால் விடுகிறேன்.

ஆனால் பயனர், தேடல் என்று சொல்லிச் சொல்லித்தான் நாம் இங்கே வந்து நிற்கிறோம். நம் நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் உழைப்பில், 1938-இலேயே கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. அவர்களுக்கும் அச்சகம் காத்திருந்திருக்கும். ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாம் என்று அவர்கள் கையை உதறவில்லை.

கடுமணம் பிடிக்காவிட்டால் வாகைக்கீரை என்று வையுங்கள். கிரேக்கத்தில் நெமேயா விளையாட்டில் வென்றவனுக்குச் சூட்டிய முடி இந்தக் கீரையால் கட்டியதுதான். வென்றவன் சூடுவது நமக்கு வாகை.

தென்காசி சித்த மருத்துவர்:

ஐயா, அந்த நெமேயா விளையாட்டே இறந்த குழந்தை ஒன்றின் நினைவாக நடந்தது என்பது அவர்கள் கதை. செவிலி குழந்தையைச் செலரிப் படுக்கையில் கிடத்திவிட்டுப் போக, பாம்பு தீண்டிவிட்டதாம். கல்லறைக்கும் இதே இலையைத்தான் சூட்டினார்கள். 'இனி அவனுக்குச் செலரிதான் பாக்கி' என்றால் சாகக் கிடக்கிறான் என்று பொருள். வெற்றியைப் பாடும் வாகைத் திணையும் நிலையாமையைப் பாடும் காஞ்சித் திணையும் ஒரே கட்டில். நோயாளி கையில் கொடுக்கிற புத்தகத்துக்கு இது ஆகாது. தவிர, வாகை என்று நம்மிடம் ஒரு மரமே இருக்கிறது.

டீச்சருக்கு: பெயர் எதுவானாலும் கீழே உள்ளவை விடுபடக் கூடாது. செலரியின் மணத்துக்குக் காரணமான தாலைடு வகைப் பொருள்கள் இரத்தக் குழாயைத் தளர்த்துமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் விலங்குகளில், மனிதர்களில் சிறிய அளவில், அதுவும் விதைச் சாரத்தை வைத்து. கடைக் கட்டை அரைத்துக் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாம் என்று அவை சொல்லவில்லை. அரைக் கிலோவைச் சாறாக்கினால் 1,300 மில்லிகிராம் வரை பொட்டாசியம் சேரும், சிறுநீரகம் பழுதானவருக்கு அது ஆபத்து. வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும், அதற்குக் காம்பை அப்படியே மென்று தின்னலாம். வைட்டமின் கே 100 கிராமில் 29 மைக்ரோகிராம் இருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று தினமும் குடிக்க ஆரம்பிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் விதையை மருந்தளவில் எடுக்கக் கூடாது.

பாளையங்கோட்டை மனையியல் ஆசிரியை:

டாக்டர் சார், மிக்க நன்றி, முழுவதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஐயா கோபிக்கக் கூடாது. இன்னொரு இடைஞ்சலும் இருக்கிறது: நாம் தின்பது இலையுமல்ல, தண்டுமல்ல, தடித்த இலைக்காம்பு. அப்படியிருக்க, கீரை என்று சொல்லலாமா?

அம்பாசமுத்திரம், மொழிபெயர்ப்பாளர்:

தண்டுக்கீரையில் தண்டைத்தானே விரும்பித் தின்கிறோம், கீரை என்பதை யாரும் தடுக்கவில்லையே. ஆனால் இதற்கு மூன்று வடிவம் உண்டு: காம்புக்கு வளர்ப்பது, இலைக்கு வளர்ப்பது, கிழங்குபோல் அடி பருத்தது. நான்காவதாக விதை. கடுமணக்கீரைக் கிழங்கு, கடுமணக்கீரை விதை என்று இழுத்துக்கொண்டே போக முடியாது. செலரிக் காம்பு, செலரி இலை, செலரிக் கிழங்கு, செலரி விதை என்றால் வேலை முடிந்தது.

இலக்கணமும் தடுக்கவில்லை. தொல்காப்பியக் கணக்கில் சகரம் அ, ஐ, ஔ மூன்றோடு மட்டும்தான் மொழிக்கு முதலில் வராது. சட்டியும் சந்தையும்தான் மாட்டுகின்றன, செலரி தேறிவிட்டது. இகரத்தில் முடிவதிலும் குற்றமில்லை. போர்ச்சுக்கீசியரிடம் வாங்கிய கோஸை முட்டையோடு சேர்த்து முட்டைக்கோஸ் ஆக்கினோம், நயினார்குளம் சந்தையில் யாரும் அதை அயல்சொல்லாக நினைப்பதில்லை.

பாளையங்கோட்டை மனையியல் ஆசிரியை:

வியாழன் இரவு. செலரி பக்கம் நான்கு பேர், கடுமணக்கீரைக்கு ஐயா ஒருவர், கரப்ஸுக்குப் பாய் ஒருவர். மற்றவர்கள் பேசவேயில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு 'செலரி'. அதன் கீழே சிறிய எழுத்தில் 'இது தண்டுக்கீரையோ ஓமவல்லியோ அன்று' என்று ஒரு வரி, பக்கத்தில் படம். நாளைக் காலை கொடுத்துவிடுவேன்.

கல்லிடைக்குறிச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பேசாதவர்களையெல்லாம் சம்மதம் என்று எண்ணினால் நான் எந்தத் தேர்தலிலும் ஜெயிப்பேன். பெயரோடு 'இது அன்று, அது அன்று' என்று ஒரு வரி சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது என்றால் பெயர் தன் வேலையைச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். கடுமணக்கீரையை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள் டீச்சர். செழுநை பற்றிய கட்டுரை தனி மடலாக வருகிறது.

மேலப்பாளையம், நாட்டுமருந்துக் கடைக்காரர்:

அடைப்புக்குறிக்குள் இடமிருந்தால் கரப்ஸையும் சேருங்கள் டீச்சர். கையேட்டைப் பார்த்துவிட்டு விதை கேட்டு வருபவர்கள் என் கடைக்குத்தான் வருவார்கள். டப்பாவில் ஒட்டியதை நான் மாற்றப் போவதில்லை.