அடாப்டிவ் ஹெட்லைட்டுக்காக டாப் வேரியன்ட் எடுக்கலாமா?

இரவுப்பயணி:

வணக்கம் நண்பர்களே, அடுத்த மாசம் கார் மாத்தப் போறேன். மாடல் எல்லாம் முடிவாயிடுச்சு, ஒரே ஒரு விஷயத்துல தான் முடிவெடுக்க முடியாம நிக்கிறேன். நடு வேரியன்ட்ல சாதாரண எல்இடி ஹெட்லைட் வருது, டாப் வேரியன்ட்ல ரோட்டுக்கும் எதிர் வண்டிக்கும் தகுந்த மாதிரி தானா மாறுற அடாப்டிவ் ஹெட்லைட் வருது. டாப்ல இருக்கிற மத்த சாமான் எதுவும் எனக்கு வேண்டாம், லைட்டுக்காக மட்டும் அவ்வளவு காசு கூட போடணுமான்னு தான் யோசனை.

நான் வேலை முடிஞ்சு திரும்ப ராத்திரி பத்து ஆயிடும், பாதி தூரம் தெருவிளக்கே இல்லாத ரெண்டு வழி ரோடு, வளைவும் ஜாஸ்தி. பிரைட் போட்டா எதிர்ல வர்றவங்களுக்கு கண்ணு கூசுது, டிம் பண்ணா ஓரமா நடந்து போறவங்க பக்கத்துல வந்தப்புறம் தான் தெரியுறாங்க. போன மாசம் எதிர்ல வண்டி வருதுன்னு டிம் பண்ணிட்டு போயிட்டிருந்தேன், கருப்பு சட்டை போட்ட ஒரு பெரியவர் ரோட்டோரத்துல நடந்து வந்திருக்கார், கடைசி நொடியில தான் பார்த்தேன், ஸ்டியரிங்க ஒடிச்சு தப்பிச்சோம். யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா வீட்டுக்கு வந்தும் ரொம்ப நேரம் கை நடுக்கம் நிக்கல. அதனால தான் இதைக் கேக்கிறேன். வச்சிருக்கிறவங்க நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லுங்க.

வளைவுச்சாலை:

மூணு வருஷமா வச்சிருக்கேன் நண்பா, எனக்கு தெரிஞ்சத சொல்றேன். முதல்ல ஒண்ணு, அடாப்டிவ்னு ஒரே பேர்ல மூணு வேற வேற சமாச்சாரத்தை விக்கிறாங்க, உங்க வண்டியில எது வருதுன்னு தெரியாம காசு போடாதீங்க.

ஒண்ணு, ஸ்டியரிங் திரும்பினா கூடவே திரும்புற லைட்டு. இது பழைய ஐடியா தான், சித்ரோயன் டிஎஸ் காரில் 1967லயே இருந்தது. இப்ப ஸ்டியரிங் எவ்வளவு திரும்புது, வண்டி என்ன வேகம்னு சென்சார் பார்த்து மோட்டார் வச்சு திருப்புது. ரெண்டாவது, எதிர்ல லைட்டு தெரிஞ்சா தானா மொத்தமா டிம் ஆகி, போனதும் தானா பிரைட் ஆகுறது. அது கைவேலைய மிச்சம் பண்ணுது, அவ்வளவு தான், வண்டி கடக்குற நேரத்துல உங்களுக்கு தெரியுறது அதே டிம் வெளிச்சம் தான்.

மூணாவது தான் நீங்க தேடுறது, மேட்ரிக்ஸ்னு சொல்வாங்க. ஒவ்வொரு ஹெட்லைட்டுக்குள்ளயும் தனித்தனியா நிறைய எல்இடி இருக்கும். 2013ல ஆடி ஏ8ல வந்தப்ப பிரைட்டுக்கு மட்டும் ஒரு பக்கத்துக்கு 25 எல்இடி. முன் கண்ணாடிக்கு பின்னாடி இருக்கிற கேமரா எதிர் வண்டியோட ஹெட்லைட்டையும் முன்னாடி போறவனோட சிவப்பு டெயில் லைட்டையும் கண்டுபிடிச்சு, அந்த திசையில அடிக்கிற எல்இடிய மட்டும் அணைச்சிடும். அந்த வண்டிய சுத்தி மட்டும் ஒரு இருட்டுக் கட்டம் மாதிரி விழும், அது வண்டி நகர நகர கூடவே நகரும், மத்த இடமெல்லாம் முழு பிரைட்ல தெரியும். உங்க பெரியவர் கதையில இது இருந்திருந்தா, எதிர் வண்டி மேல மட்டும் வெளிச்சம் விழாம அவர் மேல விழுந்திருக்கும்.

இது ஏன் முக்கியம்னா, 80ல போனா வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுது. பார்த்து, புரிஞ்சு, கால் பிரேக்குக்கு போக ஒன்றரை நொடின்னா 33 மீட்டர் போயிடும், அப்புறம் நல்ல ரோட்ல நிக்கவே இன்னும் 35 மீட்டராவது வேணும். மொத்தம் 70 மீட்டர் கிட்ட. டிம்ல கருப்பு துணி போட்ட ஆள் அவ்வளவு தூரத்துல தெரியவே மாட்டார். நான் ராத்திரி ஓட்டிட்டு வந்து இறங்குறப்ப முன்ன இருந்த கண் எரிச்சல், கழுத்து வலி இப்ப இல்ல. என் ஓட்டு, எடுங்க.

பட்டறைக்காரன்:

தம்பி, நான் வேலை பார்க்கிற பக்கத்துல இருந்து சொல்றேன். லைட்டு நல்ல லைட்டு தான், அதுல மறுபேச்சு இல்ல. ஆனா வாங்குறப்ப யாரும் சொல்லாத சில விஷயம் இருக்கு.

பல மாடல்ல இது முழுசா சீல் பண்ணின யூனிட், பழைய காலம் மாதிரி பல்பு மட்டும் கழட்டி மாத்துற கதை கிடையாது. லேசா ஒரு இடி, யூனிட்ட வண்டியோட பிடிச்சு வைக்கிற ஓரத்து பிளாஸ்டிக் காது உடைஞ்சா கூட மொத்தமா மாத்தச் சொல்வாங்க. சில கம்பெனி அந்த காதுக்கு மட்டும் ரிப்பேர் கிட் தருது, உங்க மாடலுக்கு இருக்கான்னு வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மாத்தின யூனிட்ட கம்ப்யூட்டர் போட்டு வண்டியோட கோடிங் பண்ணணும், இல்லைன்னா சும்மா டிம்மா தான் எரியும். இன்சூரன்ஸ்ல இந்த பார்ட்டுக்கு என்ன கழிக்கிறாங்கன்னும் பார்த்துக்கோங்க.

அடுத்தது கண்ணாடி. கேமரா அதுக்கு பின்னாடி தானே இருக்கு, கல் பட்டு கண்ணாடி மாத்தினா கேமராவ திரும்ப காலிபரேட் பண்ணணும், அதாவது அது சரியான திசைய பார்க்குற மாதிரி அளந்து செட் பண்ணணும். பண்ணாம விட்டுட்டு வர்ற வண்டி என்கிட்டயே வந்திருக்கு, லைட்டு தப்பான இடத்துல இருட்டு பண்ணிட்டு எதிர்ல வர்றவன் மூஞ்சில அடிச்சிட்டு இருந்தது, ஓனருக்கு தெரியவே தெரியாது, ஏன்னா உள்ள உட்கார்ந்திருக்கிறவருக்கு எல்லாம் பளிச்சுனு தான் தெரியும். லைட்டு ஒரு டிகிரி மேல தூக்கினாலே 100 மீட்டர் தூரத்துல ஒண்ணே முக்கால் மீட்டர் மேல போயிடும், அது நேரா எதிர் டிரைவரோட கண்ணு உசரம். அதுக்கு தான் சஸ்பென்ஷன்ல ஒரு லெவல் சென்சார் வச்சு, பின்னாடி லோடு ஏறினா லைட்ட இறக்குது. அந்த சென்சார சஸ்பென்ஷனோட இணைக்கிற சின்ன கம்பி துரு பிடிச்சு ஒடிஞ்சு கிடக்குறத அடிக்கடி பார்க்கிறேன். சர்வீஸ்ல விடும்போது அதையும் பாருங்கன்னு வாய விட்டு சொல்லுங்க.

ரெண்டுசக்கரம்:

நான் கார் ஓட்டுறதில்ல, தினமும் சைக்கிள்ல போறவன். வெளிய நிக்கிறவங்க பக்கத்தையும் யாராவது சொல்லணும்.

மேல அண்ணன் சொன்னாரே கேமரா லைட்ட கண்டுபிடிக்கும்னு, பிரச்சனையே அது தான். அது முக்கியமா தேடுறது லைட்ட. நடந்து போறவங்ககிட்ட லைட்டு இல்ல, என் சைக்கிள் லைட்டு கார் லைட்டு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அதனால பல நேரம் முழு பிரைட் நேரா மூஞ்சில தான் வருது, சில நொடி ரோடே தெரியாது, நான் இறங்கி நின்னுட்டு தான் மறுபடி மிதிப்பேன். மேட்டுல ஏறி திடீர்னு எதிர்ல வர்ற வண்டி, சட்டுனு வளைவுல திரும்புற வண்டி, இதுக்கெல்லாம் கேமரா புரிஞ்சுக்கிறதுக்குள்ள வெளிச்சம் கண்ணுல ஒரு வெட்டு வெட்டிடுது. லாரி ஓட்டுற என் மாமா இன்னொண்ணு சொல்வார், நடுவுல தடுப்புச் சுவர் இருக்கிற ரோட்ல லாரியோட லைட்டு சுவருக்கு பின்னாடி மறைஞ்சிடும், ஆனா டிரைவர் உசரத்துல உட்கார்ந்திருக்கார், கேமராவுக்கு லாரியே தெரியாது, வெளிச்சம் பூரா அவர் கண்ணுல. வயசானவங்களுக்கு கண்ணு கூசினா திரும்ப பார்வை தெளியவே ரொம்ப நேரம் ஆகுது, எங்கப்பா இதுனாலயே ராத்திரி வண்டி எடுக்கிறத விட்டுட்டார்.

வேண்டாம்னு சொல்லல. ஆட்டோல போட்டாச்சுன்னு விட்டுடாதீங்க, ஓரத்துல ஆள் தெரிஞ்சா கையால டிம் பண்ணுங்க. கேக்கிறது அது ஒண்ணு தான்.

வளைவுச்சாலை:

நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம், ஆள் நடக்கிறது தெரிஞ்சா நானும் கையால தான் டிம் பண்றேன், கேமரா மேல பாரத்தை போட்டுட்டு உட்கார முடியாது. மழை, பனிமூட்டம், கண்ணாடியில சேறு இருந்தா அதுக்கும் சரியா தெரியாது, ஆட்டோவ அணைச்சிடுவேன். பெரிய போர்டு மேல வெளிச்சம் பட்டு திரும்ப நம்ம கண்ணுலயே அடிக்கிறதும் உண்டு.

அமெரிக்காவுல இந்த மேட்ரிக்ஸ் லைட்டுக்கு 2022 பிப்ரவரியில தான் விதிய மாத்தி அனுமதி கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி அங்க சட்டம் ஒண்ணு பிரைட், இல்ல டிம், ரெண்டு தான். அதனால ஒரே மாடல் ஒரு நாட்டுல ஒரு மாதிரி, இன்னொரு நாட்டுல வேற மாதிரி வேலை செய்யும். வெளிநாட்டு ரிவ்யூ வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீங்க, நம்ம கைக்கு வர்ற வண்டியில அந்த ஃபங்ஷன் ஆன் ஆகி இருக்கான்னு எழுத்துல வாங்குங்க. டெஸ்ட் டிரைவ் ராத்திரில கேளுங்க, பகல்ல ஓட்டி பார்த்தா ஒண்ணும் தெரியாது.

இரவுப்பயணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி டெஸ்ட் டிரைவ் போயிட்டு வந்தேன். அடம் பிடிச்சு எட்டு மணிக்கு மேல தான் வேணும்னு வாங்கினேன். அந்த இருட்டுக் கட்டம் எதிர் வண்டி கூடவே நகர்றத கண்ணால பார்த்தேன், ஓரத்துல இருந்த மரம், மைல் கல் எல்லாம் ஒண்ணு விடாம தெரிஞ்சுது. அப்புறம் சைக்கிள் நண்பர் எழுதினத மனசுல வச்சு, நான் இறங்கி ரோட்டோரத்துல நின்னுக்கிட்டு ஷோரூம் ஆளையே எதிர்ல இருந்து ஓட்டிட்டு வரச் சொன்னேன். நிக்க முடியல, கைய வச்சு கண்ண மறைச்சுக்கிட்டேன்.

வாங்கத் தான் போறேன், அந்த ரோட்ல எனக்கு அது வேணும். ஆனா டிம் லீவர்ல இருந்து விரல எடுக்க மாட்டேன். பட்டறை அண்ணே, கடைசியா ஒண்ணு, லெவல் சென்சார் கம்பி ஒடிஞ்சா டேஷ்போர்டுல லைட்டு எரியுமா, இல்ல நாமளே தான் பார்க்கணுமா?

பட்டறைக்காரன்:

பல வண்டியில எரியும் தம்பி, எல்லாத்துலயும்னு நம்ப முடியாது. கம்பி ஒடியாம வளைஞ்சிருந்தா எரியாமலே போகலாம். மாசத்துக்கு ஒரு தடவ லோடு இல்லாம சமதரையில ஒரு சுவருக்கு முன்னாடி நிறுத்தி டிம் போட்டு, வெளிச்சத்தோட மேல் கோடு எங்க விழுதுன்னு சாக்பீஸ்ல ஒரு குறி போட்டு வச்சுக்கோங்க. அடுத்த தடவ அதே இடம், அதே தூரம். கோடு ஏறியிருந்தா அன்னிக்கே கொண்டு வாங்க.