குப்பைமேனிக்கு ஏன் இன்னும் மாத்திரை வரவில்லை?

ஊர்க்குருவி
என் தங்கை எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கிறாள். குப்பைமேனி இலையை நிழலில் காயவைத்துப் பொடித்து, மெத்தனாலில் ஊறப்போட்டு, வடித்த சாற்றில் காகித வில்லையை நனைத்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைப் பூசிய தட்டில் வைத்தாளாம். மறுநாள் பார்த்தால் வில்லையைச் சுற்றி 14 மி.மீ. வட்டம், கிருமியே இல்லை. படம் அனுப்பினாள். எங்கள் ஆத்தா இதே இலையைத்தான் உப்போடு கசக்கிச் சொறிக்குத் தேய்த்துவிடும், எரிச்சலில் தெருவையே கூட்டியிருக்கிறேன். அப்புறம் ஏன் இன்னும் மாத்திரை வரவில்லை? கம்பெனிக்காரன் விடமாட்டான், வேறென்ன.

லேப் எலி
வெறும் மெத்தனாலில் நனைத்த வில்லை ஒன்றை அதே தட்டில் வைத்தாளா? மெத்தனால் முழுக்க ஆவியாகாமல் இருந்தால் அதுவே வட்டம் போடும். அதுவும் போக, வட்டத்தின் அளவு மருந்தின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, அந்தப் பொருள் அகாரில், அதாவது தட்டில் கிருமி வளர்க்கும் கூழில், எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. கிருமி வளராமல் தடுக்கக் குறைந்தது எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு, அதான் எம்.ஐ.சி., அதைச் சொல்லுங்கள். நல்ல ஆன்டிபயாட்டிக் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் பக்கத்திலேயே வேலையைக் காட்டிவிடும், இலைச்சாறுகளுக்குப் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில், ஆயிரத்தில்கூடப் போகும். அந்த அளவு ரத்தத்தில் ஏற வேண்டுமென்றால் எத்தனை கூடை இலை தின்பீர்கள்? ஆத்தா தேய்த்தது சொறிக்கு என்றால் அது தோலைக் குடையும் பூச்சி, பாக்டீரியாவே கிடையாது. சொறிந்து புண்ணாக்கிய பிறகுதான் ஸ்டெஃப் வந்து உட்காரும்.

மருந்துவாழ்
தம்பி, நான் சித்த மருத்துவம் படித்து 20 வருடமாக வைத்தியம் பார்க்கிறவள். கூடைக் கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு செடியில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனியே சோதித்து, "வீரியம் இல்லை" என்று முடிவுகட்டுவது சரியா? பெர்பெரினை எடுத்துக்கொள்ளுங்கள், நம் மரமஞ்சளில் இருக்கும் அதே மஞ்சள் பொருள். தனியாகக் கொடுத்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் அதை உள்ளே வரவர வெளியே தள்ளிவிடுகிறது, அதற்கென்றே ஒரு பம்ப் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் வளரும் பெர்பெரிஸ் செடியில் மெத்தாக்ஸிஹிட்னோகார்பின் என்று இன்னொரு பொருள் கண்டுபிடித்தார்கள், 2000-இல் கட்டுரை வந்தது. அது தனியாக ஒரு கிருமியையும் கொல்லாது, ஆனால் அந்தப் பம்பை அடைத்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பெர்பெரின் கடிக்கிறது. உங்கள் முறையில் சோதித்திருந்தால் இந்த இரண்டாவதைக் குப்பையில் போட்டிருப்பீர்கள்.

லேப் எலி
டாக்டரம்மா, அந்தக் கட்டுரை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதைக் கண்டுபிடித்ததே பொருளைப் பிரித்துப் பார்த்ததால்தானே, கஷாயமாகவே வைத்துக்கொண்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. 2000 போய் இத்தனை வருடமாகியும் அந்த ஜோடி மாத்திரையாகவில்லை. பெர்பெரினை விழுங்கினால் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து வந்தது. நிமோனியாவுக்கோ ரத்தத்தில் கிருமி ஏறியவருக்கோ ஆஸ்பத்திரியில் போடும் ஆன்டிபயாட்டிக்குகளில் செடியிலிருந்து வந்தது எது, ஒன்று சொல்லுங்கள். மஞ்சளில் குர்குமினைத் தட்டில் சோதித்தால் எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று தலையாட்டும், மனிதனுக்குக் கொடுத்தால் சத்தமே இல்லை.

மருந்துவாழ்
சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-இல் நோபல் கொடுத்தது எதற்கு? மலேரியா மருந்தான ஆர்டிமிசினின் செடியிலிருந்துதானே வந்தது. கொதிக்கவைத்து எடுத்தபோதெல்லாம் பலிக்கவில்லை. நான்காம் நூற்றாண்டுச் சீன ஏடு செடியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து குடி என்றது, சூடு கூடாதோ என்று அவருக்குப் பொறி தட்டியது, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரில் எடுத்தார். ஏட்டுப் பக்குவத்தைப் படித்ததால்தான் வழி திறந்தது. உங்கள் பிள்ளைகளோ எந்தச் செடி கிடைத்தாலும் மெத்தனாலில் முக்குகிறார்கள். பூண்டையே பாருங்கள், நசுக்கினால்தான் அல்லிசின் உண்டாகும், முழுப் பல்லை வேகவைத்தால் அதை உண்டாக்கும் நொதியே செத்துவிடும். எங்கள் நூல்களில் அரைப்பு, ஊறல், குடிநீர் என்று தனித்தனியாகச் சொல்லியிருப்பது சும்மாவா?

லேப் எலி
மலேரியாவைக் கொண்டுவருவது பாக்டீரியா இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பக்குவம் பற்றிச் சொன்னது நியாயம், எங்கள் துறையில் மெத்தனால் சோம்பேறித்தனம் உண்டு. கிராம் நெகட்டிவ் என்ற வகை பாக்டீரியா பக்கமும் போகமாட்டோம், அதற்கு வெளிச்சுவர் ஒன்று கூடுதல், செடிப்பொருள் பலது அதைத் தாண்டாது. ஸ்டெஃப் தட்டில் வட்டம் வரும், பேப்பர் போடலாம்.

ஊர்க்குருவி
கம்பெனி சதி பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே!

மருந்துவாழ்
அது ஒரு பக்கம் இருக்கட்டும் தம்பி. தங்கை இலையை எங்கே பறித்தாள்? செடி குப்பைமேனிதான் என்று தாவரவியல்காரர் யாராவது பார்த்தார்களா? மரமஞ்சள் மாதிரி வெட்டி வெட்டி அருகிப்போன கொடி இல்லை இது, சாலையோரமே கிடைக்கும். அதனாலேயே எதையாவது பறித்துவிடுவார்கள்.

ஊர்க்குருவி
இப்போதுதான் போனில் கேட்டேன். இலை ஹாஸ்டல் பின்புறம் சாக்கடை ஓரத்தில் பறித்ததாம். வெறும் மெத்தனால் வில்லை வைக்கவில்லையாம். கைடு கேட்கவே இல்லையாம். திங்கட்கிழமை வைக்கிறேன் என்கிறாள், கொஞ்சம் கோபமாகத்தான் வைத்தாள் போனை.